ஓட்டுக்கு அடித்த ஹாரன்

நாமக்கல்லில் ரகசியம் காக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். ஊரிலேயே அதிகச் சத்தம் போட்டவரும் அவர்தான். லாரிப் பட்டறையில் ஒயரிங் வேலை. புது லாரிக்கு ஹாரன் மாட்டினால் பத்து நிமிடமாவது அடித்துப் பார்க்காமல் அனுப்ப மாட்டார். ‘ஆரன்காரர்’ என்றால்தான் ஆளைத் தெரியும்.

எண்பதுகளில் எங்கள் பால் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. கோழிப்பண்ணை முதலாளியும் தையற்கார அக்காவும் நின்றார்கள். அதுவரை கை தூக்கித்தான் தேர்ந்தெடுப்போம். முதலாளிக்கு எதிராகத் தூக்கிய கைக்கு மறுநாள் பண்ணையில் வேலை இருக்காது. என் அம்மா அந்தப் பண்ணையில்தான் முட்டை பொறுக்கினாள்.

“கேரளாவுல பட்டன அமுக்கி ஓட்டுப் போட்டாங்களாமா. நானே ஒண்ணு செஞ்சு தாரேனுங்க” என்றார் ஆரன்காரர்.

செய்தே விட்டார். மரப்பெட்டி, லாரி பேட்டரி, நின்ற இருவருக்கும் ஆளுக்கொரு சுவிட்சு. ஓட்டை எண்ண, ஓடிய தூரம் காட்டும் பழைய லாரி மீட்டர்கள் இரண்டு. “அமுக்குனா ஒரு கிலோமீட்டர் ஓடுமுங்க. செயிச்சவரு கொஞ்சம் தூரம் போயிருப்பாரு, அவ்வளவுதான்.”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். பெயர்ப் பட்டியலை வாசிக்க என்னை உட்கார வைத்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தேன்.

முதலில் பண்ணை மேஸ்திரி தார்ப்பாய்த் திரைக்குப் பின்னால் போனார். ‘டொக்’ என்று கேட்டது. அடுத்து அம்மா. ‘டிக்’.

மேஸ்திரி மெல்லத் திரும்பினார். “ஏம்புள்ள, உம்பட சத்தம் வேற மாதிரி இருக்குதே?”

அம்மாவின் முகம் வெளுத்துப் போனது. மேஸ்திரி ஸ்டூலை இழுத்துத் திரைக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

ஆரன்காரர் பாய்ந்து வந்து பெட்டியைத் திறந்தார். “மீட்டரு கோளாறுங்க! போட்டதெல்லாம் செல்லாது. மறுக்கா மொதல்லருந்து!” மீட்டர்களைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, எந்தச் சுவிட்சை அமுக்கினாலும் அடிக்கும்படி ஒரு லாரி ஹாரனையும் இணைத்தார்.

பாம்ம்ம்!

வாசலில் கட்டியிருந்த மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. பாதிப் பேர் மாட்டைப் பிடித்து வந்துதான் ஓட்டுப் போட்டார்கள்.

“காது கிழியுதப்பா! எதுக்கு இந்த ஆரன்?” என்று கத்தினார் மேஸ்திரி.

“ஓட்டு உழுந்தது தெரிய வேண்டாங்களா?”

“யாருக்கு உழுந்துச்சுன்னு தெரியலையே!”

“அது உங்களுக்கு எதுக்குங்க?”

தையற்கார அக்கா ஒன்பது கிலோமீட்டர் முன்னால் போயிருந்தார். மறுநாள் காலை பண்ணையில் மேஸ்திரி ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தார். “மொதலாளிக்குத்தானுங்க!” என்றார்கள் எல்லோரும். அம்மாதான் உரக்கச் சொன்னாளாம். யாரை வீட்டுக்கு அனுப்புவது? ஒருவர் வேலையும் போகவில்லை.

எனக்கு மறக்காதது தேர்தலன்று மாலைதான். பெட்டியைச் சைக்கிளில் கட்டிய ஆரன்காரர், இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவினார்.

“ஏனுங்ண்ணா, உங்களுக்கேவா ஆரன் சத்தம் தாங்கல?” என்று சிரித்தேன்.

“ஆரன் நமக்குத் தாலாட்டு, சாமி” என்றார். “டிக்கா டொக்கான்னு எனக்கும் கேக்கக் கூடாதில்ல.”