சயாமியக் கோயிலில் உங்கள் தங்கை சுட்ட பணியாரம்

மரியாதைக்குரிய கிள்ளான் மச்சான் குமரப்பன் அவர்களுக்கு, செந்தூலிலிருந்து சோலையப்பன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே ஆச்சியும் பிள்ளைகளும் முருகன் அருளால் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கேயும் சௌக்கியம்தான், என் வயிறு மட்டும் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எரிகிறது. அதற்குக் காரணம் உங்கள் தங்கை நாச்சாள். போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கோயிலில் ஞாயிறு மதிய அன்னதானம் என் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். இலை போட்டதும் நம் குடும்பம் செய்திருக்கிற தர்மங்களைப் பற்றி மைக்கில் நான் கொஞ்சம் பேசுவதும் தெரியும். அன்றைக்கு நாச்சாள் விடியற்காலையிலேயே சாம்பாரைக் கூட்டி வைத்துவிட்டு, பூச்சோங்கில் மகள் அர்ச்சனா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டாள். மதியம் பந்தியில் பாதி இலை காலி. எப்போதும் முதல் இலையில் உட்காரும் பக்கிரிசாமியே வரவில்லை. லோரி ஓட்டி ஓய்வு பெற்ற தனிக்கட்டை, காய்ச்சலோடுகூட வந்து சாப்பிடுகிறவர். பதறிப்போய்ப் போன் போட்டால் பின்னால் ஒரே சந்தடி. "பெட்டாலிங் ஜெயாவுல சயாம் கோயில் திருவிழா அண்ணே. எல்லாம் சும்மா கொடுக்கறாங்க லா, நீங்களும் வாங்க" என்கிறார். நானும் சும்மாதானே கொடுக்கிறேன், மச்சான்?

மைக்கைக் கீழே வைத்துவிட்டு வேவு பார்க்கக் கிளம்பினேன். அந்தத் தாய்லாந்துக்காரர்களின் புத்தர் கோயிலில் வீட்டுக்கு ஒரு பந்தல் போட்டு, ஒருவர் நூடல்ஸ், ஒருவர் பப்பாளிக்காய் சாலட், ஒருவர் தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம் என்று அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று யார் வந்தாலும் ஒரே சிரிப்பு. உபயதாரர் பெயர்ப்பலகையைத் தேடித் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை. ஐஸ்கிரீம் கொடுத்த அம்மாள் என்னைக் கும்பிட்டாள். வாங்குகிறவன் அல்லவா கும்பிட வேண்டும்? அதையே மலாய் மொழியில் கேட்டேன். "நீங்க சாப்பிட்டா எங்களுக்குப் புண்ணியம். அடுத்தவங்க கொடுக்கறதப் பார்த்துச் சந்தோஷப்பட்டா உங்களுக்கும் புண்ணியம்" என்றாள். உடனே சந்தோஷப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. இன்னொரு கப் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டும் வரவில்லை.

நூடல்ஸ் தட்டோடு பக்கிரிசாமி எதிரே வந்தார். "என் சாப்பாட்டில் என்ன குறை?" என்று நேராகவே கேட்டேன். "சாப்பாடு பிரமாதம் அண்ணே. நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள ஆறிப்போயிடுது லா" என்றார்.

அந்த வேதனையோடு நடந்தபோதுதான் கோயிலிலேயே நீளமான வரிசையைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டால் "பணியாரம்" என்றார் ஒரு சீனர், நல்ல உச்சரிப்போடு. நானும் வரிசையில் நின்றேன். முன்னால் போய்ச் சேர்ந்தால், அடுப்புக்குப் பின்னால், அந்தக் கோயில் வழக்கப்படி வெள்ளைச் சேலையில் உங்கள் தங்கை. சுற்றிலும் சயாமியப் பெண்கள், அவளைப் பெரிய டாக்டரம்மாபோல் பார்த்துக்கொண்டு.

"ரெண்டு போதுமா அங்கிள்?" என்றாள்.

"நாச்சா, நான்தான்."

"தெரியுது. நவுருங்க, பின்னால ஆள் நிக்கறாங்க."

அந்த இரண்டும் அவ்வளவு மெத்தென்று இருந்தன, மச்சான். வீட்டில் எனக்கு ஒருநாளும் அப்படி வாய்த்ததில்லை. சாயங்காலம் வீட்டில் பிடித்துக்கொண்டேன். "எவனோ சீனன் சாப்பிடுகிறான், எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்றேன். கீழ்வீட்டுச் சயாமிய ஆன்டி கூப்பிட்டாளாம், போனாளாம். அதோடு நிறுத்தவில்லை. "உங்க அன்னதானத்துக்கு முப்பது வருஷமா நான்தான் சமைக்கறேன். மைக்ல ஒரு தடவையாவது என் பேர் வந்திருக்கா? அங்க ஒவ்வொருத்தரும் வாங்கிட்டு என் மூஞ்சியப் பார்த்துச் சிரிச்சாங்க." எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே, கூடப்பிறந்தவர் என்ற முறையில் நீங்கள்தான் அவளைக் கண்டித்து, சொந்தக் கோயில் அடுப்போடு நிற்கச் சொல்ல வேண்டும். ஆச்சிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோருக்கும் எந்தக் குறையும் வராமல் தண்டாயுதபாணி காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த சோலையப்பன்

பி.கு.: கண்டிக்க வேண்டாம். வரும் ஞாயிறும் அங்கே விழாவாம். காகிதத்தட்டு எடுத்துக் கொடுக்க என்னையும் சேர்த்துக்கொண்டாள். நம் அன்னதானத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். உங்கள் வீட்டுப் பெரிய பணியாரச் சட்டியை அவசியம் கொண்டு வாருங்கள். பக்கத்துப் பந்தலில் மாம்பழமும் தேங்காய்ப்பால் சோறும் கொடுக்கப்போகிறார்களாம். அவர்கள் வரிசை நம் வரிசையைவிட நீண்டுவிட்டால் என்னால் தாங்க முடியாது.