கேட்டில் ஒரு காஷன் போர்டு

வாசற்படியில் முதலில் வழுக்கி விழுந்தது கத்தரீனாள். அடுத்தது, அவளைத் தூக்கப் போன அவள் கணவர் சிலுவைராஜ். சின்னக்கானல் மழையில் படியெல்லாம் பாசி. அன்றைக்குப் பார்த்து மகள் ஜின்சியைப் பெண் பார்க்க எர்ணாகுளத்திலிருந்து வருகிறார்கள்.

சிலுவைராஜ் எஸ்டேட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சிக்கலுக்கும் தன்னிடம் ஒரு வழி உண்டு என்று நம்புகிறவர். பாசியைச் சுரண்டினார், படி பளபளத்தது, வழுக்கல் கூடியது. மணல் தூவினார், மழை கொண்டுபோயிற்று. சாக்கு விரித்தார், சாக்கு, மிதித்தவரோடு சேர்ந்து கீழே வந்தது.

"போர்டு வச்சிரலாம்" என்றார் எழுந்துகொண்டே.

"படி வழுக்கும்னு தமிழ்ல எழுதிப் போடுங்க" என்றாள் கத்தரீனாள், இடுப்பில் தைலம் தேய்த்தபடி.

"படிச்சவுக வாராக. இங்கிலீஷ்ல வச்சாத்தான் மதிப்பு. ஆனா வார்த்தையப் பாத்து எடுக்கணும். டேஞ்சர்னா கரண்டுக் கம்பி. பிவேர்னா நாய். வார்னிங், வேலைக்கு லேட்டா வர்றவனுக்குக் குடுக்கிறது. காஷன்லதான் ஒரு மரியாதை இருக்கு. 'பாத்து வாங்கய்யா'ன்னு கையப் பிடிச்சுச் சொல்றாப்ல."

சிவப்புத் தாளில் எழுத்துகளைப் பெரிதாக வெட்டினார். பலகையில் டேப் வைத்து ஒட்டி, ரோட்டைப் பார்த்தாற்போல் கேட்டில் கட்டிவிட்டுச் சவரம் செய்யப் போனார்.

ஜின்சிக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நர்ஸ் வேலையை விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். "வேண்டாம்ப்பா" என்று சொல்லிப் பார்த்தாள். அது வெட்கம் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

வாசலைக் கூட்டிவிட்டு வந்தவளிடம், "போர்டு எப்படிம்மா?" என்று கேட்டார்.

"ரோட்டுல போறவுகளுக்கு நல்லாத் தெரியுதுப்பா."

கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் படியில் பூனைபோல் நடந்து வந்தார்.

"நான் ஜோமோன், பூப்பாறை. இங்கதானே ஏலம்?"

மாப்பிள்ளையின் தாய்மாமன் பூப்பாறையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மனிதர் முன்னதாகவே வந்து ஏலக்காய்த் தோட்டத்தை விசாரிக்கிறார் என்று சிலுவைராஜுக்குப் பெருமை.

"இங்கதான். வீட்டைச் சுத்தி எல்லாம் ஏலந்தான். உள்ள வாங்க."

ஜோமோன் சுவரைத் தட்டிப் பார்த்தார். "கூரை ஒழுகுமா?"

"ஒரு சொட்டு இறங்காது."

"கட்டில், பீரோ?"

"அதெல்லாம் கூடவே வந்துரும்."

ஜோமோன் முகம் மலர்ந்தது. "நீங்க என்ன எதிர்பாக்குறீங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல. நல்ல கையில ஒப்படைக்கணும், அம்புட்டுதான்."

"அப்ப எப்ப முடிச்சுக்கலாம்?"

"கோயில்ல மூணு ஞாயிறு பூசையில கல்யாண ஓலை வாசிக்கணும்ல. அதுக்குப் பெறகு என்னைக்குன்னாலும் சரி."

ஜோமோன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "வீடு விக்கிறதுக்கு எதுக்குங்க கல்யாண ஓலை?"

"யாரு வீட்ட?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கல்யாணத் தரகர் சந்தனமேரி.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீக? கேட்டுல போர்டப் பாத்ததும் அவுக வண்டியத் திருப்பிட்டாக. வீடு ஏலத்துக்கு வந்த குடும்பம் வேண்டாமாம். இனி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதாம்."

சிலுவைராஜ் ஓடினார். மேல்படியில் வழுக்கியவர், உட்கார்ந்த வாக்கிலேயே கேட்டுக்கு வந்து சேர்ந்தார். அண்ணாந்து எழுத்துக் கூட்டினார். ஏ, யு, சி, டி, ஐ, ஓ, என். ஆக்‌ஷன். ஏலம். அதே எழுத்துகள்தான், முதலில் நிற்க வேண்டிய 'சி' மூன்றாவதாக நின்றது.

"சர்வீஸ் முழுக்க இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதுனவன்" என்று முனகினார். "முன்னால வர்ற எழுத்தப் போயி நடுவுல ஒட்டித் தொலைச்சிருக்கேனே."

குடையோடு வந்த ஜின்சி, கை கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினாள். சேற்றைத் தட்டிவிட்டபடி மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க சரியாத்தான் ஒட்டியிருந்தீகப்பா."