லிங்க்ல கோளாறு, ஜொவி!

என்ன ஆனாலும் மேடையேறி ஆடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் திருவிழாவில் இந்த வருஷம் தம்பதியர் நடனமாம். என்னை ஆட்டிவைக்க வீட்டிலேயே ஆள் இருக்கும்போது மேடை எதற்கு?

இதை மனைவி ஜொவிட்டாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. நல்லவேளை, கணவர்தான் தன் கையால் பதிவு செய்ய வேண்டும் என்று விதி. கோயில் இணையதளத்தில் எதை அமுக்கினாலும், மொபைலில் 'நன்றி' என்று வரும். என் பழைய லேப்டாப் பிரவுசரில் வெறும் வெள்ளைத் திரைதான். பதிவாகவில்லை என்று காட்ட அது போதாதா?

எனக்கு வேலை பெருங்குடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில். கணக்குப் பிரிவுதான். ஆனாலும் எங்கள் மந்தைவெளி பிளாட்ஸுக்கே நான்தான் கம்ப்யூட்டர் டாக்டர்.

"ஏங்க, இன்னைக்குக் கடைசி நாள். பதிவு பண்ணிட்டீங்களா?"

"அதோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். லிங்க்ல கோளாறு, ஜொவி!"

"மொபைல்ல பாருங்களேன்."

"சேச்சே, அது பாதுகாப்பு இல்ல. இங்க வா, உன் கண்ணு முன்னாலயே அமுக்குறேன்."

ஸ்தனிஸ்லாஸ் என்று என் பெயரை அடித்தேன். அமுக்கினேன். வெள்ளை.

"பார்த்தியா?"

"ஆமாங்க..."

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. மொபைலை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு மேடையையும் என் தொப்பையையும் சேர்த்து நினைத்துப் பார்த்தேன்.

"சரியாத்தான் அமுக்குனீங்களா?"

கம்ப்யூட்டர் டாக்டரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"திரும்ப அமுக்குறேன், நல்லா பாரு!"

மறுபடி பெயர். மறுபடி வெள்ளை.

"விடுங்க, நமக்குக் கொடுத்துவைக்கல" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். நான் விசிலடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் போனில் பேசுவது கேட்டது. எதிர்முனையில் கீழ்வீட்டு ஜெசிகா. நடனத்துக்குப் பெயர் சேர்ப்பவள்.

"வந்துடுச்சா ஜெசி? நீ சொன்ன மாதிரியே வெள்ளையாத்தான் வந்துச்சு. ஆமா, அவரேதான் அமுக்குனாரு!"

ஆடாமலேயே ஆடிப்போனேன்.

"என்ன வந்துடுச்சு?"

"உங்க பேருதாங்க. அந்த பிரவுசர்ல நன்றின்னு காட்டாதாம். ஆனா பதிவு ஆயிடுமாம்."

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணத்தன்று பார்த்த சிரிப்பு. கோபப்பட நினைத்தேன், முடியவில்லை.

"சரி, உனக்காக ஒரே ஒரு பாட்டுக்கு ஆடுறேன்" என்றேன்.

"ஒண்ணா? நீங்க ரெண்டு தடவை அமுக்கியிருக்கீங்க."