கெஸ்லர் குடும்பத்தின் நன்றி மேசை

நன்றியுணர்வு மனிதகுலத்தின் தலையாய பண்பு. அதை ஒட்டுப்பலகையில் நன்றி நாள் விருந்து மேசையாக அறுத்தெடுத்து, வெள்ளை விரிப்புப் போர்த்தி, கழுத்தில் மாட்டிக்கொண்டு உலகுக்குக் காட்டிய பெருமை ஒஹையோ மாநிலத்து லோர்னா கெஸ்லர் அம்மையாரையே சாரும். அந்த மேசையின் இடது ஓரத்தில் வான்கோழியாக இருக்கும் பாக்கியம் அவருடைய கணவர் ட்வைட்டுக்குக் கிடைத்தது. தலை தட்டின்மேல் இருந்தது. கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கீரை.

மகள் ஜூனியின் ஒன்றாம் வகுப்பில் அக்டோபர் கடைசியில், பேய் பிசாசு வேடமிடும் ஹாலோவீன் கொண்டாடுவது வழக்கம். இந்த ஆண்டு பெற்றோர் குழு கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு அதை 'நன்றிப் பெருவிழா' ஆக்கிவிட்டது. பிஞ்சு மனங்களின் நலன் கருதி, பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு ஆகியவை தடைசெய்யப்பட்டன. குடும்பத்தோடு வேடமிட்டு வர வேண்டும். எந்த வேடத்தில் நன்றி ததும்புகிறதோ அந்தக் குடும்பத்துக்கு நீல ரிப்பன். குழுவின் தலைவி லோர்னா என்பதும், ரிப்பனைத் தேர்ந்தெடுத்தவர் லோர்னா என்பதும் தற்செயல்.

ஜூனிக்கு ஒரே ஆசைதான். பேய் வேடம். பழைய படுக்கை விரிப்பு ஒன்று, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவ்வளவு எளிமையான பேய்.

"அம்மாகிட்ட நீ கேளுப்பா."

"கேக்கறேன் செல்லம், சத்தியமா," என்றார் ட்வைட். கேட்கவும் செய்தார், மனத்துக்குள். அங்கேயும் லோர்னாதான் ஜெயித்தார்.

மேசையில் தலை நுழைக்க மூன்று ஓட்டைகள். வான்கோழிக்கு ஒன்று, பூசணி கேக்காகிய லோர்னாவுக்கு ஒன்று, நடுவில் உருளைக்கிழங்கு மசியலாகிய ஜூனிக்கு ஒன்று. விழா அன்று பள்ளியின் கார் நிறுத்தத்தில் மாட்டிப் பார்த்தபோதுதான் ஜூனியின் தலை ஓட்டைக்கு எட்டாமல் பலகைக்கு அடியிலேயே நின்றுவிட்டது. மேசையின் நீளத்தை அளந்திருந்தார்கள், அகலத்தை அளந்திருந்தார்கள். பிள்ளையை அளக்கத்தான் நேரம் இல்லாமல் போயிற்று.

"இவளுக்கு எட்டலையே, லோர்னா."

"அப்ப நாம குனிஞ்சு நடப்போம்."

"என் முதுகு தாங்காது."

லோர்னா ஒரு தலைவிக்குரிய வேகத்தில் முடிவெடுத்தார். "ஜூனி கண்ணு, நீ அடியில இருந்து நடுவுல தாங்கிக்கோ. மேசைக்குக் கால்தான் முக்கியம்."

"நான் வெளிய தெரிய மாட்டேனேம்மா."

"நாங்க தெரியறோம்ல. குடும்பம்னா அதான்."

ஜூனி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் கீரையைச் சரிசெய்துகொண்டார். நடு ஓட்டையின்மேல் ஒரு கிண்ணம் கவிழ்க்கப்பட்டது.

ஊர்வலம் சிறப்பாக நடந்தது. வகுப்பறையில் இருவரும் மண்டியிட்டு, மேசையைப் பிள்ளைகளின் டெஸ்க்குகள் மேல் இறக்கி நிறுத்தினார்கள். இரண்டு தலைகளும் புன்னகைத்தன. ஆசிரியை மிஸ் பிளாங்க் விரிப்பின் முன்பக்கத்தில் நீல ரிப்பனைக் குத்தினார்.

லோர்னா ஏற்புரை ஆற்றினார். "எங்க வீட்டுல எல்லாத்துக்கும் நடுநாயகமே குழந்தைதான்."

கைதட்டல் எழுந்தது. பிள்ளைகளுக்குக் கேக் விநியோகமாயிற்று. மேசையின் காலுக்குக் கேக் கொடுக்கும் வழக்கம் எங்கும் இல்லை.

அப்போது ட்வைட்டுக்குக் கீழே கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. மேசை நின்றது ஜூனியின் டெஸ்க் மேல். அவளுடைய மொட்டைக் கத்தரிக்கோல் அதற்குள்தான் இருக்கும். என்ன நடக்கிறதென்று அவருக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதில் அவருக்கு நீண்ட அனுபவம் உண்டு. அது மகளுக்கு உதவியது இந்த ஒரு தடவைதான்.

விழாவின் சிகரம் 'நன்றி வட்டம்'. பேர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து யாருக்காவது நன்றி சொன்னது. ஒருவன் கடவுளுக்கு, ஒருத்தி தன் நாய்க்கு.

"ஜூனி கெஸ்லர்," என்று கூப்பிட்டார் மிஸ் பிளாங்க். பதில் இல்லை. "ஜூனி இன்னைக்கு வரலையா?"

"வந்தாளே," என்று லோர்னா அறை முழுக்கக் கண்ணால் தேடினார். "இங்கதான் எங்கயாவது விளையாடிட்டிருப்பா."

மேசையின் முன்விரிப்பு அசைந்தது. நீல ரிப்பனுக்கு இருபுறமும் இரண்டு ஓட்டைகள். ஓட்டைகளில் இரண்டு கண்கள். முன்வரிசைப் பிள்ளைகள் வீறிட்டார்கள்.

"ஜூனி," என்றார் மிஸ் பிளாங்க், கண்டிப்போடு. "பேய் வேஷம் கூடாதுன்னு தெரியும்ல?"

"வேஷம் இல்ல மிஸ். நான் அப்பலேர்ந்து இங்கதான் இருக்கேன். யாருக்குமே தெரியல."

ட்வைட்டுக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொள்ளப் பார்த்தார்; தட்டு இடித்தது.

"சரி," என்றார் மிஸ் பிளாங்க், குரல் இறங்கி. "நீ யாருக்கு நன்றி சொல்லணும்?"

"அம்மாவுக்கும் அப்பாவுக்கும்," என்றாள் ஜூனி. "எனக்குப் பேயாகணும்னு ஆசையா இருந்துச்சு. ரெண்டு பேருமா சேர்ந்து ஆக்கிட்டாங்க."