வாலை நீக்கிய உத்தரவு

இயற்கை செய்த தவறை அலுவலக உத்தரவு போட்டுத் திருத்திய பெருமை, உலகத்திலேயே அந்த ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஒருவரைத்தான் சேரும்.

திருத்தப்பட்டது ஒரு புரதம். தலை ஒன்று, வால் ஒன்று; சும்மா இருக்கும்போது இரண்டும் மடிந்து ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடக்கும். செல் இழுபடும்போதுதான் விரியும். அப்போது தலை செல்லின் ஓரத்திலுள்ள நங்கூரத்தைப் பிடிக்கும்; வால் உள்ளே ஓடும் இழைகளைப் பிடிக்கும். செல் தரையை விடாமல் நிற்கும். இதை நான்கு வருடம் கண் எரிய நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடித்தவள் ஓர் ஒப்பந்த ஆய்வாளர். அவளுக்கு அங்கே 'தற்காலிகம்' என்றுதான் பெயர். கண்டுபிடிப்பில் பெயர் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வெள்ளிக்கிழமையோடு நடையைக் கட்ட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை 'உயர்மட்ட'க் கூட்டம். வியாழக்கிழமை வரவிருந்த பார்வையாளர் குழுவுக்கான சுவரொட்டியில் புரதத்தின் படம் அடங்கவில்லை என்பதே பொருள்.

"இந்த வால் எதுக்கு? பார்க்கவே நல்லால்லையே," என்றார் இயக்குநர்.

"சார், இழையைப் பிடிக்கிறதே வால்தான். அது இல்லேன்னா தட்டைக் கழுவும்போது செல் கழண்டு வந்துடும்," என்றாள் தற்காலிகம்.

"வால் எங்கேயாவது வேலை செய்யுமாம்மா? எல்லாம் தலைதான். எடுத்துடுங்க."

"என்ன ஒரு பார்வை சார்!" என்று துணை இயக்குநர் உருகினார். வாலோடு, இடப் பற்றாக்குறையை 'முன்னிட்டு', சுவரொட்டியில் இருந்த கண்டுபிடிப்பாளர் பட்டியலின் கடைசிப் பெயரும் நீக்கப்பட்டது. யார் பெயர் என்று சொல்லவும் வேண்டுமா?

வியாழக்கிழமை பார்வையாளர் குழு வந்தது. தற்காலிகம் இரண்டு தட்டுகளில் செல் வளர்த்திருந்தாள். ஒன்றில் முழுப் புரதம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த மற்றதில் வாலில்லாப் புரதம். துணை இயக்குநர் இரண்டாவதைப் பயபக்தியோடு எடுத்தார்.

"ஐயோ சார், அந்தத் தட்டு வேண்டாம்!"

"வால் கூடாதுன்னு உத்தரவும்மா."

குழுவின் முன்னால் தட்டைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தார். திரையில் ஒன்றும் இல்லை.

"செல் ஒண்ணையும் காணோமே?" என்றார் குழுத் தலைவி.

இயக்குநர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"காணாமத்தான் போகும் மேடம். வால் இல்லேன்னா செல் நிக்காது. அதைத்தான் நிரூபிச்சிருக்கோம். நாலு வருஷ உழைப்பு!"

"சுவரொட்டியிலயும் வாலைக் காணோமே?"

"நீங்க கவனிக்கிறீங்களான்னு பார்த்தோம்."

"அருமை! கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான்," என்றார் இயக்குநர். துணை இயக்குநர்தான் முதலில் கைதட்டினார்.

கூட்டம் கலைந்ததும் தற்காலிகம் இயக்குநரின் அறை வாசலில் போய் நின்றாள். "சார், என் பேரு?"

"அடடா, அச்சாயிடுச்சேம்மா," என்றார், மிகுந்த வருத்தத்தோடு.

வெள்ளிக்கிழமை அவள் தன் தேநீர்க் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அன்றே இயக்குநருக்கு ஐந்து வருடப் பதவி நீட்டிப்பு வந்தது. ஒரு செல் தரையில் நிற்க அந்தப் புரதத்தின் தலையும் வேண்டும், வாலும் வேண்டும். நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்க அதெல்லாம் தேவையில்லை. அடுத்தவளின் நான்கு வருடம் போதும்.