புதூர்ப் படகுக்குத் தக்க மூடி

"ஏ அக்கா! இது படகா, உன் ஆட்டுக்குத் தொட்டியா?"

ராதாமணி கத்திய கத்தலில் ஆடுகள்கூடக் குடிப்பதை நிறுத்திவிட்டன. வள்ளித்தாய் நிறுத்தவில்லை. கையிலிருந்த குடத்தைக் கடைசிச் சொட்டுவரை படகுக்குள் கவிழ்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இல்ல தாயி, படகை எறக்குன ஆளு..."

"குடிக்கத் தண்ணியில்லாத ஊர்ல படகுக்குள்ள தண்ணியா? ஒண்ணும் பேசாத. ஆட்டைப் பத்திக்கிட்டுப் போ!"

புதூர் யூனியன் ஆபீசு முற்றத்தில் முந்தாநாள்தான் லாரியில் வந்து இறங்கியிருந்தது அந்த மரப்படகு. வெள்ள நிவாரணத்துக்காம். மூன்று வருஷமாக வானம் பொய்த்த ஊருக்கு வெள்ள நிவாரணம்! கூடவே ஒரு தாள்: ‘தக்க மூடியிட்டுப் பாதுகாக்கவும்.’

பி.டி.ஓ. நந்தகோபால் அந்தத் தாளை, ஆபீசில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ராதாமணியின் மேசைக்குத் தள்ளினார்.

"நீங்கதான பி.ஏ. படிச்சவங்க? தக்க மூடி எதுன்னு நீங்களே பாத்துப் போடுங்க. படகுக்கு ஏதாவது ஆச்சு, உங்க பிரபேஷன்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அவள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளே அவள்தான். இந்த வேலை போனால் அடுத்த வாரமே மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தண்ணீரை இறைத்து, பழந்துணியால் துடைத்து, படகை அப்பளமாகக் காயவைத்தாள்.

பத்தாம் நாள், பலகைக்கும் பலகைக்கும் நடுவே நகம் நுழைந்தது.

மஸ்தான் பாய் கடையில் தார்ப்பாய் வாங்கி இறுகக் கட்டினாள். ஒரு வாரம் கழித்து அவிழ்த்தால், உள்ளேயிருந்து அடுப்படி அனல். இப்போது விரலே நுழைந்தது.

"தார்ப்பாயிக்குள்ள வெயிலு போனா வெளிய வராதுல்லா," என்றார் மஸ்தான்.

"இதை அன்னைக்கே சொன்னா என்ன, பாய்?"

"அன்னைக்கு நீங்க மழைக்குத்தான கேட்டீய?"

மழைக்கு! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து பனையோலை வேய்ந்தாள். ஆடிக் காற்று பாதி ஓலையைத் தூக்கி எதிரேயிருந்த பள்ளிக்கூடத்தில் போட்டது. அங்கிருந்து புகார் வந்தது. மிச்ச ஓலைமேல் வள்ளித்தாயின் கிடா ஏறி நின்று ஊரை மேற்பார்வையிட்டது.

"தாயி, நான் ஒண்ணு சொல்லட்டா?"

"உன் கிடாகிட்ட சொல்லு. முதல்ல அதை எறங்கச் சொல்லு!"

கடைசியில் கோவில்பட்டிக்கு பஸ் ஏறிப் போய்க் கழிவுப் பஞ்சு கொண்டுவந்து, சாக்கில் அடைத்து, மெத்தைபோலத் தைத்துப் படகுக்குப் போர்த்தினாள். காற்றுக்கு அது அசையவில்லை. கிடாவும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. பி.டி.ஓ.வே வந்து தட்டிப் பார்த்தார்.

"இதுதான் தக்க மூடி! உள்ள பொட்டு ஈரம் கிடையாது," என்று ஃபைலிலும் எழுதினார்.

ஐப்பசியில் பெய்த ஒரே மழையில் கண்மாய் நிறைந்தது. படகை விட்டுக்காட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவும் வந்தது. அன்று லாரியில் அதைக் கொண்டுவந்து இறக்கிய தூத்துக்குடிப் படகுக்காரர், கடற்கரை என்று பெயர், அவரே ஓட்டுவதற்கும் வந்தார். மெத்தையை விலக்கினால், கோடைக் கரிசல் மாதிரி படகெங்கும் வாய் பிளந்து கிடந்தது.

கடற்கரை உதட்டைப் பிதுக்கினார். "இதுல ஏறாதீய, சார்."

"உத்தரவுய்யா!" என்று பி.டி.ஓ. மாலையும் கழுத்துமாக ஏறி உட்கார்ந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, படகு அவரோடு இடுப்பளவுத் தண்ணீரில் அமைதியாக இறங்கியது.

கரையேறியதும் சொட்டுகிற சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"முடிஞ்சுது உங்க பிரபேஷன்!"

"மூணு மூடி மாத்தியிருக்கேன், சார்! வேற எதைத்தான் போடணுமாம்? ஒருத்தராவது சொல்லித் தொலைச்சீங்களா?" ராதாமணிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"பேனாவை மூடுங்க, சார். படகுக்கு ஒண்ணும் ஆகலை," என்றார் கடற்கரை. "நாலு நாள் இப்படியே முங்கிக் கெடந்தா மரம் ஊறி, இடுக்கெல்லாம் தானா அடைஞ்சிரும்."

பிறகு ராதாமணியை ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"மூடியா? மரப்படகுக்கு உள்ள நிக்கிற தண்ணிதாம்மா மூடி. எறக்குன அன்னைக்கே இந்த வள்ளித்தாயி அக்காகிட்ட, ‘ஆடு குடிச்சாலும் குடிக்கட்டும், தெனம் நாலு குடம் உள்ள ஊத்து’ன்னு சொல்லிட்டுத்தானே போனேன்!"