டம்ளரைச் சுற்றிய செம்பு

பூமி இத்தனை கோடி ஆண்டுகளாகச் சுற்றி வந்ததன் நோக்கம், என் தம்பி கனிமத் தேடல் துறையில் பேராசிரியராக வேண்டும் என்பதுதான். குடும்பப் பெருமை பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலையில் நான் நடக்கப் போனால், "பேராசிரியர் அண்ணன்" என்று தெருவே எழுந்து வணக்கம் சொல்லும். ஒரு தெரு முழுவதும் தவறாகவா நினைக்கும்?

தம்பியை 'அவன்' என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு. பதவியை மதித்து 'அவர்' என்கிறேன்.

அவருடைய புலமை புள்ளிக்கோட்டில் இருக்கிறது. மண்ணுக்கடியில் தாது இருப்பதைத் தோண்டிப் பார்த்துவிட்டால் வரைபடத்தில் முழுக்கோடு போடுவார்கள். இருக்கலாம் என்று ஊகித்தால் புள்ளிக்கோடு. பார்த்ததை வரைய யாராலும் முடியும். தம்பி தம் பணிக்காலத்தில் ஒரு முழுக்கோடுகூடப் போட்டுத் தம்மைத் தாழ்த்திக்கொண்டதில்லை. அவர் புள்ளி வைத்த வழியில் தோப்புகள் நகர்ந்தன, பள்ளிக்கூடங்கள் நகர்ந்தன, ஒரு சுடுகாடே இடம்பெயர்ந்தது. அங்கிருந்தவர்கள் மட்டும்தான் ஆட்சேபிக்கவில்லை. இதற்கு 'வளர்ச்சி' என்று பெயர். தாது கிடைத்ததா என்று கேட்பவர்களுக்கு அறிவியல் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து, குன்றிலிருந்து ஒரு செம்புப் படிவத்தை இழுத்துக்கொண்டு வந்தார். கோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் பென்சில் நின்றது.

"அண்ணே, இது நேரா நம்ம வீட்டுக்கு அடியில போகுது."

அறிவியல் தன் கடமையைச் செய்யட்டும், ஆனால் இது அப்பா கட்டிய வீடு என்பதையும் அது தெரிந்துகொள்ளட்டும் என்றேன்.

அப்போது என் மனைவி டீ கொண்டுவந்தாள். தம்பியின் டம்ளரைச் சரியாக எங்கள் வீட்டின்மேல் வைத்தாள். பேச வந்திருந்த பக்கத்து வீட்டுக் காசாளருக்கும் ஒன்று கொடுத்தாள். படத்தில் கறை படுமே என்று அவர் சூட்டைப் பொறுத்துக்கொண்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"டம்ளரை எடுக்கட்டுமா தம்பி?" என்றாள் மனைவி.

"இருக்கட்டும் அண்ணி."

செம்பு டம்ளர்வரை வந்தது. மரியாதையாக அதைச் சுற்றிக்கொண்டு போய், காசாளர் வீட்டுக்குள் புகுந்து, தெருக்கோடிவரை சென்றது.

பல்கலைக்கழகக் குழு அந்த வளைவைப் பார்த்து வியந்தது. இயற்கையில் இவ்வளவு சுத்தமான அரைவட்டத்தை அவர்கள் கண்டதில்லையாம். பாறைக்கென்று ஒரு சுபாவம் உண்டு என்று தம்பி விளக்கினார். விருது கொடுத்தார்கள், துறைத்தலைவர் பதவியும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டைத் தவிர்த்து மொத்தத் தெருவுக்கும் காலி செய்யும் உத்தரவு கொடுத்தார்கள்.

சாமான் ஏற்றிய வண்டியை நிறுத்திவிட்டு, காசாளர் விடைபெற வந்தார். நாட்டுக்காகச் செய்யும் தியாகம் என்று அவருக்கு நான் ஆறுதல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"அன்னைக்கு நானும் டம்ளரைக் கீழ வச்சிருக்கணும்ணே."

இப்போது சுற்றிலும் பள்ளம். நடுவில் எங்கள் வீடு. செம்பு இன்னும் அகப்படவில்லை. காலையில் வழக்கம்போல் நடக்கப் போகிறேன். குடும்ப மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வணக்கம் சொல்லத்தான் தெருவில் ஆளில்லை.